ஏணியாய் நின்ற ஆசிரியர்

பியானோவோ கீபோர்டோ கற்றுக்கொள்ளும் பிள்ளை இருக்கும் வீட்டில் 'செர்னி' என்ற பெயர் என்றாவது ஒரு நாள் காதில் விழுந்தே தீரும். "செர்னி வாசித்தாயா?" என்று ஆசிரியர் கேட்பார். பிள்ளையின் முகம் சுருங்கும். சினிமாப் பாட்டு வாசிக்கலாம் என்று ஆசையோடு போன பிள்ளையை, ஏறுவதும் இறங்குவதுமான அந்தச் சுரவரிசைகள் மாதக் கணக்கில் கட்டிப்போட்டுவிடும். நம் வீடுகளில் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் படும் பாட்டைத்தான் ஐரோப்பிய வீடுகளில் செர்னியின் பாடங்கள் பட்டு வந்திருக்கின்றன.

செர்னி என்பது ஒரு பாடத்தின் பெயர் என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். பீத்தோவனின் மாணவராகவும், லிஸ்ட் என்ற மாபெரும் பியானோ கலைஞரின் ஆசிரியராகவும் இருந்தவர் அவர். அந்த இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவே நின்று, மேடையைத் துறந்து, காலை முதல் இரவு வரை பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த கார்ல் செர்னியின் வரலாறு, ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்ற குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

பிழைக்க வந்த குடும்பம்

இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி அந்நாளில் பொஹீமியா எனப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நாட்டில், பிராகு நகருக்கு அருகேயுள்ள நிம்பர்க் என்ற சிற்றூரில் செர்னியின் பாட்டனார் வயலின் வாசித்து வந்தார். தந்தை வென்சல் செர்னி மடாலயம் ஒன்றில் இசை பயின்று, பீரங்கிப் படையில் 15 ஆண்டுகள் பணியாற்றியவர். பிறகு 1786-இல் பிழைப்புத் தேடித் தலைநகரான வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார். பியானோ கற்பிப்பது, பழுதுபார்ப்பது, சுருதி சேர்ப்பது என்று கிடைத்த வேலையைச் செய்து குடும்பத்தை நடத்தினார்.

1791 பிப்ரவரி 21-ஆம் தேதி வியன்னாவின் லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் கார்ல் பிறந்தார். உடன்பிறந்தவர் எவரும் இல்லை. பிறந்த சில மாதங்களில் தந்தைக்குப் போலந்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் ஆசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போயிற்று. 1795-இல் அண்டை அரசுகள் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது மீண்டும் வியன்னாவுக்கே திரும்பியது. மாற்றலும் மூட்டை கட்டுதலும் அந்தக் குழந்தைக்கு அப்போதே பழகிவிட்டன.

செர்னி என்பது செக் மொழிப் பெயர். 'கறுப்பு' என்று பொருள். நம்மூரில் கருப்பையா, கருப்பசாமி என்று வைப்பதில்லையா, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அவர்கள் பேசியதும் செக் மொழிதான். வெளியே ஊர் முழுவதும் ஜெர்மன் பேச, உள்ளே இந்தப் பிள்ளை பெற்றோரின் மொழியிலேயே வளர்ந்தது. ஜெர்மன் மொழியை ஏறக்குறைய பத்து வயதில்தான் கற்றுக்கொண்டதாகக் கூறப்படுகிறது. மராத்தியோ இந்தியோ வங்காளமோ வாசலுக்கு வெளியே நிற்க, வாசலுக்குள் தமிழ் பேசும் நம் வீடுகளை நினைத்துக்கொண்டால் அந்த வீட்டின் சூழ்நிலை எளிதில் விளங்கும்.

மூன்று வயதில் பியானோ வாசிக்கத் தொடங்கிய கார்ல், ஏழு வயதில் தானே சிறு இசைத் துணுக்குகளை எழுதலானார். மற்ற பிள்ளைகளோடு விளையாடத் தந்தை அனுப்பவில்லை. எப்போதும் பெற்றோரின் கண் எதிரிலேயே வளர்ந்தார். படிப்புக்குத் தந்தை ஒரு வழி கண்டுபிடித்தார். அவரிடம் பியானோ கற்க வந்தவர்களில் பணம் கொடுக்க இயலாத மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் கட்டணத்துக்குப் பதிலாகப் பையனுக்குப் பிரெஞ்சு, ஜெர்மன், இலக்கியம் என்று தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். கையில் காசில்லாத வீட்டில் கல்வி நுழைந்தது இப்படித்தான்.

பீத்தோவனின் அறையில்

அக்குடும்பத்துக்கு வென்சல் கிரம்ப்ஹோல்ட்ஸ் என்ற வயலின் கலைஞர் நண்பராக இருந்தார். அவரும் பொஹீமியாக்காரர், பீத்தோவன் மீது அளவற்ற பக்தி கொண்டவர். பீத்தோவன் புதிதாக எழுதியவை எல்லாம் அவர் மூலம் பையனுக்குத் தெரியவந்தன. பையனுக்குப் பத்து வயதளவில் இருக்கும்போது அவரே தந்தையையும் மகனையும் பீத்தோவனிடம் அழைத்துப் போனார்.

அந்தச் சந்திப்பைச் செர்னி 1842-இல் எழுதிய தன் வாழ்க்கைக் குறிப்பில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஐந்தாறு மாடி ஏறிப் போனால், காகிதங்களும் துணிகளும் இறைந்து கிடக்கும் ஓர் அறை, வெறும் சுவர்கள், பியானோவுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு நாற்காலியைத் தவிர உட்கார இடமில்லை. பீத்தோவன் பல நாள் சவரம் செய்யாத முகத்தோடு, கரிய முடி சிலிர்த்து நிற்க, சடைசடையான சாம்பல் நிற உடையில் இருந்தார். பையன் அப்போது ராபின்சன் குரூசோ கதையைப் படித்துக்கொண்டிருந்த நேரம். தீவில் தனித்து வாழ்ந்த குரூசோவே எதிரில் நிற்பதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. பீத்தோவனின் காதுகளில் மஞ்சள் நிற மருந்தில் நனைத்தது போன்ற பஞ்சு இருந்ததையும் அவன் கவனித்தான். செவிப்புலன் குறையத் தொடங்கியிருந்த காலம் அது. பெரியவர்கள் பேசாமல் விட்டதைச் சிறுவனின் கண் பார்த்து வைத்துக்கொண்டது.

அறையில் வேறு இசைக் கலைஞர்களும் இருந்தார்கள். சிறுவன் முதலில் மோட்சார்ட்டின் கான்செர்டோ ஒன்றை வாசித்தான். வாத்தியக்குழு வாசிக்க வேண்டிய பகுதிகளைப் பீத்தோவன் பக்கத்தில் அமர்ந்து தன் இடது கையால் சேர்த்து வாசித்தார். அதனால் தைரியம் வந்து, பீத்தோவன் எழுதி அண்மையில் வெளியாகியிருந்த 'பத்தேத்திக்' சொனாட்டாவையே வாசித்துக் காட்டினான். முடிந்ததும் பீத்தோவன், பையனுக்குத் திறமை இருக்கிறது, நானே சொல்லிக்கொடுக்கிறேன், வாரத்தில் சில நாள் அனுப்புங்கள் என்று சொன்னார். கூடவே, எமானுவேல் பாக் எழுதிய கிளேவியர் வாசிப்பு முறை நூலை வாங்கி அடுத்த முறை கொண்டு வரும்படியும் சொல்லி அனுப்பினார்.

மேதையிடம் பாடம் என்றால் முதல் நாளே பெரிய உருப்படி தொடங்கும் என்று நினைப்போம். பீத்தோவனோ தொடக்கப் பாடங்களில் ஸ்கேல் எனப்படும் சுரவரிசைகளைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. எல்லா சுருதிகளிலும் ஏறி இறங்க வைத்தார். கை எப்படி இருக்க வேண்டும், விரல் எப்படி வளைய வேண்டும், குறிப்பாகக் கட்டைவிரலை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று காட்டினார்.

இந்தக் கட்டைவிரல் விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். சட்ஜமம் முதல் மேல் சட்ஜமம் வரை எட்டுக் கட்டைகள். கையில் இருப்பதோ ஐந்து விரல்கள். ச, ரி, க என்று மூன்று விரலால் வாசித்ததும், கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து நான்காவது கட்டையைப் பிடிக்க வேண்டும். பிறகு ஐந்து விரல்களும் வரிசையாக மீதி ஐந்து கட்டைகளை முடிக்கும். கட்டைவிரல் நுழைவது காதுக்குத் தெரியக்கூடாது. சுரங்கள் கோத்த முத்தாக விழ வேண்டும். அந்நாளில் பெரும்பாலான கலைஞர்களுக்கே இந்த நுணுக்கம் தெரியாது என்று செர்னி எழுதுகிறார். பத்து வயதில் பீத்தோவனின் கையிலிருந்து நேராகக் கற்ற இந்த ஒரு பாடத்தைத்தான் பின்னாளில் அவர் உலகம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

பாடம் நெடுநாள் ஒழுங்காக நடக்கவில்லை. இசை எழுதும் மும்முரத்தில் பீத்தோவன் அடிக்கடி பாடத்தைத் தள்ளிப்போட்டார். பையனைத் தனியே அனுப்ப மனமில்லாத தந்தை கூடவே போக வேண்டியிருந்தது. போன நேரமெல்லாம் அவர் தன் சொந்த வகுப்புகளை, அதாவது அன்றைய வருமானத்தை இழந்தார். சில ஆண்டுகளில் முறையான பாடம் நின்றுபோனது. ஆனால் உறவு நிற்கவில்லை. பீத்தோவன் எழுதியவற்றை எல்லாம் பையன் மனப்பாடமாக வாசித்தான். அதைக் கேட்டு மகிழ்ந்த லிக்னோவ்ஸ்கி பிரபு உதவித்தொகையும் அளித்தார்.

நின்றுபோன பயணம்

அக்காலத்தில் திறமையுள்ள பிள்ளையைத் தந்தை ஊர் ஊராக அழைத்துச் சென்று கச்சேரி செய்ய வைப்பது வழக்கம். மோட்சார்ட் அப்படி வளர்ந்தவர்தான். செர்னிக்கும் அத்தகைய பயணம் ஒன்று திட்டமிடப்பட்டது. அதற்காக 1805 டிசம்பர் 7-ஆம் தேதி பீத்தோவன் தன் கைப்பட ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தார். 14 வயதுக்கு மீறிய தேர்ச்சியும் வியக்கத்தக்க நினைவாற்றலும் உடையவன், எல்லோரும் ஆதரவு தரத் தக்கவன் என்பது அதன் சாரம். அந்தச் சான்று ஒன்று போதும், ஐரோப்பாவின் கதவுகள் திறக்கும்.

ஆனால் பயணம் நடக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் நெப்போலியனின் படைகள் வியன்னாவைக் கைப்பற்றியிருந்தன. பெற்றோருக்கும் வயதாகிவிட்டது, தந்தைக்கு அப்போது ஐம்பத்தைந்து. ஊர் சுற்றும் வித்வான்களிடம் இருக்க வேண்டிய பகட்டும் ஜாலமும் தன் வாசிப்பில் இல்லை என்றும் செர்னியே எழுதியிருக்கிறார். ஆக, மேடையை விட்டார். அதில் ஏமாற்றம் இருந்ததா என்பதைப் பற்றி அவர் பெரிதாகப் புலம்பவில்லை.

15 வயதில் அவரே ஆசிரியரானார். சில ஆண்டுகளிலேயே வியன்னாவின் பெரிய வீடுகள் அவரைத் தேடின. நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பாடம். ஒரு வீட்டை விட்டு இறங்கி அடுத்த வீட்டு மாடி ஏற வேண்டியது. இந்த ஓட்டம் 1836 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்தச் சம்பாத்தியத்தில் பெற்றோர் கவலையின்றி வாழ்ந்தார்கள். கடைசி வரை அவர்களோடுதான் இருந்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை.

மேடையை முற்றாகத் துறந்தார் என்றும் சொல்ல முடியாது. 1812 பிப்ரவரியில் பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்டோ வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தபோது அதை வாசித்தவர் செர்னிதான். காது கேளாமையால் பீத்தோவன் தானே வாசிக்க இயலாத நிலையில் இருந்தார்.

குருவின் கோபம், குருவின் கடிதம்

1816-இல் ஒரு நிகழ்ச்சி. பீத்தோவனின் குவின்டெட் ஒன்றை வாசிக்கும்போது, இளமைத் துடுக்கில் செர்னி அங்கங்கே தன் கைச்சரக்கையும் சேர்த்துவிட்டார். எழுதியிராத அலங்காரங்கள், கடினமான சங்கதிகள். கூட இருந்த கலைஞர்கள் முன்னிலையிலேயே பீத்தோவன் கடிந்துகொண்டார். ஆனால் மறுநாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நேற்று அப்படி வெடித்ததற்கு வருந்துகிறேன். நீ எவ்வளவு அழகாக வாசித்தாலும், எழுதியவன் தன் படைப்பை எழுதியபடியே கேட்கத்தான் விரும்புவான், பொறுத்துக்கொள் என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு, பீத்தோவனின் படைப்பில் ஒரு சுரத்தையும் மாற்றும் எண்ணம் தனக்கு வரவில்லை என்கிறார் செர்னி.

அதே காலத்தில் பீத்தோவன் தன் தம்பி மகன் கார்லுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் செர்னியிடமே ஒப்படைத்தார். அப்போது எழுதிய கடிதத்தில் ஆசிரியருக்கே ஒரு பாடம் இருக்கிறது. பையனின் விரல் ஒழுங்கும் தாளமும் சரியாகி, சுரங்களைப் பிழையில்லாமல் வாசிக்கத் தொடங்கிய பிறகே பாவத்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நிலை வந்துவிட்டால் சிறு பிழைக்காக நடுவில் நிறுத்தக்கூடாது. முழுவதும் வாசித்து முடிக்க விட்டுப் பிறகு சுட்டிக்காட்ட வேண்டும் என்று அவர் யோசனை சொல்லியிருந்தார். முன்கோபத்துக்குப் பேர்போன மனிதர் இவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறார்! பிள்ளை வாய் திறந்ததுமே திருத்தக் கிளம்பும் நம் போன்ற பெற்றோர் இதைச் சற்று மனத்தில் இருத்தலாம்.

வெளிறிய முகத்துச் சிறுவன்

1819-இல் ஒரு நாள், எஸ்டர்ஹாசி பிரபுவின் பண்ணை அதிகாரியான ஆடாம் லிஸ்ட் என்பவர் எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு செர்னியின் வீட்டுக்கு வந்தார். பையன் வெளிறி, நோஞ்சானாக இருந்தான். வாசிக்கும்போது குடித்தவனைப் போல நாற்காலியில் தள்ளாடினான். விழுந்துவிடுவானோ என்று செர்னிக்குப் பயமாகிவிட்டது. விரல் ஒழுங்கு என்பதே இல்லை. கைகளைக் கட்டைகள் மேல் கண்டபடி வீசினான். ஆனாலும் இயற்கையே ஒரு பியானோ கலைஞனைப் படைத்து அனுப்பியிருக்கிறது என்று செர்னிக்குப் பட்டது. அவன்தான் பின்னாளில் ஐரோப்பாவையே மயக்கிய பிரான்ஸ் லிஸ்ட்.

1822-இல் குடும்பத்தோடு வியன்னாவில் குடியேறிய பிறகு முறையான பாடம் தொடங்கியது. நாள் முழுவதும் பாடம் சொல்லிக் களைத்த செர்னி, மாலை வேளைகளை அந்தச் சிறுவனுக்கு ஒதுக்கினார். பீத்தோவன் தனக்குச் செய்ததையே அவனுக்கும் செய்தார். கைக்கு வந்ததை எல்லாம் பறந்து பறந்து வாசித்துக்கொண்டிருந்த பிள்ளையைச் சுரவரிசைக்குத் திருப்பினார், தாளத்தைக் கெட்டிப்படுத்தினார், பிறகு கிளெமென்டியின் சொனாட்டாக்களைப் படிப்படியாக வாசிக்க வைத்தார். பையனுக்கு அது கசந்தது. ஆனால் சில மாதங்களில் கை அடங்கியது, ஒலி தெளிந்தது. கட்டணம் கொடுக்க வந்தபோது செர்னி வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சிறுவனைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே நடத்தினார் செர்னியின் தாயும் தந்தையும் இருந்த அந்த வீட்டில்.

1823-இல் தந்தை மகனை அழைத்துக்கொண்டு கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். இன்னும் சில காலம் இருந்திருக்கலாமே என்ற வருத்தம் செர்னிக்கு இருந்தது. லிஸ்ட் நன்றி மறக்கவில்லை. பாரிசில் செர்னியின் சொனாட்டாவை வாசித்து அறிமுகப்படுத்தினார். பியானோ உலகிலேயே கடினமானவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் தன் 'டிரான்செண்டென்டல்' பயிற்சிகளை 1852-இல் வெளியிட்டபோது, அதைச் செர்னிக்கே சமர்ப்பணம் செய்தார்.

செர்னியின் மற்றொரு மாணவர் லெஷெட்டிட்ஸ்கி. அவரிடம் கற்றவர்களுள் இருவர் பாடெரெவ்ஸ்கியும் ஷ்னாபெலும். முன்னவர் 1919-இல் போலந்தின் பிரதமரானார். பின்னவர் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக இசைத்தட்டில் பதிந்தார். குரு பரம்பரை என்று நாம் சொல்வது அங்கேயும் இப்படித் தழைத்திருக்கிறது.

படிக்கட்டு கட்டிய கை

செர்னியின் முதல் படைப்பு 1806-இல் அச்சானது. அதன்பின் சுமார் 12 ஆண்டுகள் குறிப்பிடும்படி எதுவும் வெளிவரவில்லை; பாடம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. பிறகு வெளியான சில உருப்படிகள் நன்றாக விற்கவே, பதிப்பாளர்கள் அவரை விடவில்லை. இரவில் உட்கார்ந்து எழுதினார். வரிசை எண் இடப்பட்டவை மட்டும் 861. ஓர் அறையில் பல மேசைகளைப் போட்டு, ஒன்றில் எழுதிய தாளின் மை உலர்வதற்குள் அடுத்த மேசைக்குப் போய் வேறொன்றை எழுதுவார் என்று அவரைப் பார்க்கப் போன ஓர் ஆங்கிலேயர் வியந்திருக்கிறார்.

கிராமபோன் இல்லாத காலம் அது. ஒரு சிம்பொனியைக் கேட்க வேண்டுமானால் பெரிய நகரத்துக்குப் போக வேண்டும். பீத்தோவனின் சிம்பொனிகளை ஒரே பியானோவில் இருவர் அமர்ந்து வாசிக்கும்படி செர்னி சுருக்கி அமைத்துக் கொடுத்தார். அதன்மூலம் சிற்றூர் வீடுகளிலும் அந்த இசை ஒலித்தது.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியவை பயிற்சி நூல்கள்தான். 599-ஆம் எண் கொண்ட தொடக்க நூலில் 100 பாடங்கள். முதலில் சுரங்களை அடையாளம் காண்பது, பிறகு கை நகராமல் ஐந்து விரல், ஐந்து கட்டை, அடுத்து கட்டைவிரலை அடியில் நுழைப்பது, பிறகு எட்டுக் கட்டைகளைத் தாண்டுவது, இடது கைக்கு மந்தர சுரங்கள், கறுப்புக் கட்டைகள், இடைநிறுத்தங்கள், வேகம், கடைசியில் அலங்காரங்களோடு இனிய மெட்டுகள். ஒரு பாடத்தில் ஒரு புதிய சிக்கல். முந்தையது கைக்கு வராமல் அடுத்ததை வாசிக்க முடியாது. வந்துவிட்டால் அடுத்தது எட்டாத உயரத்தில் இராது.

ரயில் பாதை போட்டவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். இரண்டு ஊருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மாற்ற முடியாது. அதை எத்தனை தூரத்தில் பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்பதுதான் வேலை. போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பின்னாலிருந்து பாங்கர் இன்ஜின்கள் தள்ளாமல் வண்டி ஏறாது. சமவெளியில் அதே உயரத்தைப் பல மைல்களுக்குப் பங்கிட்டுவிட்டால், ஏறுகிறோம் என்பதே பயணிக்குத் தெரியாது. செர்னி செய்தது இந்தக் கிரேடியன்ட் வேலை. 599-இல் தொடங்கிய ஏற்றம் 849, 299, 740 என்ற எண்கள் கொண்ட நூல்களின் வழியே மெல்ல மெல்ல உயர்ந்து மேடைக் கலைஞனின் வாசல் வரை போகிறது. பீத்தோவன் போன்ற மேதை பக்கத்தில் நின்று தள்ளிவிடும் பாக்கியம் எல்லாப் பிள்ளைக்கும் கிட்டாது. கிட்டாத பிள்ளைக்கும் பாதை இருக்க வேண்டும் அல்லவா?

1839-இல் வெளிவந்த 500-ஆம் எண் நூல் அவருடைய போதனை முழுவதும் அடங்கிய பெரிய தொகுப்பு. விக்டோரியா மகாராணிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. பின்னர் சேர்த்த பகுதியில், பீத்தோவனின் பியானோ படைப்புகளை எப்படி வாசிக்க வேண்டும் என்று காலப்பிரமாணம் உட்பட எழுதி வைத்தார். பீத்தோவனின் அருகிலிருந்து கேட்டவரின் சாட்சியம் என்பதால் இன்றும் கலைஞர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது, பியானோ கற்பது பற்றி ஓர் இளம் பெண்ணுக்கு எழுதியதாக அவர் வெளியிட்ட பத்துக் கடிதங்கள். செசீலியா என்று கற்பனையாக 12 வயதுச் சிறுமி ஒருத்தி. நகரத்துக்குத் தொலைவில் வாழ்கிறாள். எப்படி உட்கார வேண்டும், வாசிக்கும்போது முகத்தைக் கோணக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது என்றெல்லாம் பரிவோடு சொல்கிறார். தினப் பயிற்சியில் சிறிது நேரம் விரல் பாடத்துக்கு, சிறிது நேரம் பழைய உருப்படிகளைத் திரும்ப வாசிக்க, மீதி புதியதற்கு என்று பங்கு பிரிக்கிறார். யாராவது வாசிக்கச் சொன்னால் மனப்பாடமாகச் சில சிறிய உருப்படிகள் கைவசம் இருக்க வேண்டும், புத்தகம் இல்லை என்று சாக்குச் சொல்லக்கூடாது என்கிறார். விருந்தாளி வந்ததும் "ஒரு பாட்டு பாடேன்" என்று கேட்பதும், பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளிவதும் வியன்னாவிலும் உண்டு போலும்!

பழியும் பாராட்டும்

இவ்வளவு எழுதியவருக்குப் பழி வராமல் இருக்குமா? இசையமைப்பாளர் ஷூமன், செர்னிக்குக் கற்பனை வறட்சி என்று தம் பத்திரிகையில் கடுமையாக எழுதினார். 1829-இல் வியன்னா வந்த இளைஞர் ஷோப்பான், செர்னியின் படைப்புகளைவிடச் செர்னி என்ற மனிதரிடம் இதமும் அன்பும் அதிகம் என்ற பொருளில் ஊருக்கு எழுதினார். 1915-இல் டெபுஸி தம் பயிற்சி இசைத் தொகுதியின் முதல் உருப்படியைச் செர்னியைக் கேலி செய்தே தொடங்கினார். ஐந்து விரல் பாடம் ஒன்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் குறும்பாக வேறொரு சுரம் வந்து குத்தும்.

மறுபக்கமும் உண்டு. செர்னியின் பெரிய நூல் படிக்கத் தகுந்தது என்று 1878-இல் பிராம்ஸ் எழுதினார். அதுவும் ஷூமனின் மனைவி கிளாராவுக்கே எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கி பியானோ மேடைக்குத் தயாராகும்போது செர்னியின் பயிற்சிகளை நிறைய வாசித்ததாகவும், அவை விரலுக்குப் பயன்பட்டதோடு மனத்துக்கும் மகிழ்ச்சி தந்ததாகவும் தம் சுயசரிதையில் கூறுகிறார்.

செர்னியே தம் படைப்புகளை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: பயிற்சிகள், மாணவர்க்கான எளிய உருப்படிகள், கச்சேரிக்கான பகட்டான உருப்படிகள், ஆழ்ந்த இசை. அந்த நான்காம் வகையில் சிம்பொனிகள், தேவாலய இசை, நால்வர் குழுவுக்கான படைப்புகள் எல்லாம் அடங்கும். பல அச்சேறாமலே கிடந்தன. 2002-இல் கனடாவின் எட்மன்டன் நகரில் செர்னிக்கென்றே ஓர் இசை விழா நடத்தி அவற்றில் சிலவற்றை வாசித்தார்கள். கேட்டவர்கள், இவரா அந்தப் பயிற்சிப் புத்தகக்காரர் என்று வியந்தார்கள். ஏணியின் பெயர் நிலைத்ததால் அதைச் செய்தவரின் மற்ற கைவேலைகள் கண்ணில் படாமல் போயின. அவர் கொடுத்த விலை அது.

தனிமையும் உயிலும்

1827-இல் பீத்தோவன் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்திச் சென்றவர்களில் செர்னியும் ஒருவர். அதே ஆண்டில் தாயையும், 1832-இல் தந்தையையும் இழந்தார். உறவென்று சொல்ல வேறு எவரும் இல்லை. 1836-இல் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்வதை நிறுத்தினார். லைப்ஸிக், பாரிஸ், லண்டன், இத்தாலி என்று சில பயணங்கள் செய்தார். மற்றபடி எழுத்தே துணை.

1857 ஜூலை 15-ஆம் தேதி, 66-ஆம் வயதில் வியன்னாவிலேயே காலமானார். எளிமையாக வாழ்ந்த அந்த மனிதர் பெரும் சொத்து சேர்த்திருந்தார். அதைத் தம் வீட்டைக் கவனித்துக்கொண்ட பணியாளுக்கும், வியன்னா இசை அன்பர்கள் சங்கத்துக்கும், அறப்பணிகளுக்கும் எழுதி வைத்தார். அந்த அறப்பணிகளில் காது கேளாதோருக்கான நிலையம் ஒன்றும் இருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்த ஆசிரியரைப் பத்து வயதில் கவனித்த சிறுவன் அவர் என்பதை நினைத்தால், மேலே ஒரு சொல் தேவையில்லை.

நம் பிள்ளைகளுக்கு

நம்மவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பிள்ளைகளைப் பாட்டுக்கும் நடனத்துக்கும் வாத்தியத்துக்கும் அனுப்பத் தவறுவதில்லை. ஆறு மாதத்தில் ஆண்டு விழா மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரமும் நமக்கு உண்டு. அடிமேல் அடி அடித்தால்தான் அம்மி நகரும் என்பதை நாம் சொல்லி வளர்ந்தவர்கள். செர்னி அதையே சுரத்தில் எழுதி வைத்தார். பாடம் சலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், கோபிக்காமல் இந்த மனிதரின் கதையைச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தாய்மொழி பேசி, வெளியே வேற்றுமொழி கேட்டு வளர்ந்த ஒரு பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைதான் அந்தப் புத்தகத்தை எழுதியது என்று தெரிந்தால், அதைத் திறக்கும் கைக்குச் சற்று உற்சாகம் வரலாம்.

மற்றொன்று. மேடையில் கைதட்டல் வாங்கும் பிள்ளைக்குப் பின்னால், மாலையில் சின்ன அறையில் அமர்ந்து பத்துப் பிள்ளைகளுக்கு அதே முதல் பாடத்தைப் பத்து முறை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரோ ஆசிரியையோ நம் குடியிருப்புகளில் எங்கும் இருக்கிறார்கள். அடுத்த விழாவில் பரிசு வாங்கும் பிள்ளையின் பெயரோடு அவர்கள் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.